செல் பாடத்தில் மார்க் போனதற்காக பயாலஜியை விட வேண்டாம்

அம்மா, முதல் பி.யூ.சி (பதினோராம் வகுப்பு) படிக்கும் மகளுக்கு புரோகேரியாட் (பாக்டீரியா போன்ற உட்கரு இல்லாத செல்), யூகேரியாட் (நம்முடையது போன்ற உட்கரு உள்ள செல்) ஒப்பீட்டில் மார்க் போய்விட்டது, பி.சி.எம்.பி-யிலிருந்து (இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் பிரிவு) மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். தவறு பிள்ளையிடம் இல்லை, அட்டவணையை உருப்போடுவதில் இருக்கிறது. கேள்வியைச் சற்றே திருப்பினால் அது கைகொடுக்காது.

பிடித்துக்கொள்ள வேண்டியது சவ்வு, அதாவது மெல்லிய உறை. புரோகேரியாட்டில் டி.என்.ஏ-வைச் சுற்றிச் சவ்வு இல்லை. மைட்டோகாண்ட்ரியா, கோல்கி போன்ற சவ்வு சூழ்ந்த உறுப்புகளும் இல்லை. புரதம் செய்யும் ரைபோசோமுக்குச் சவ்வே கிடையாது, அதனால் இரண்டிலும் உண்டு: பாக்டீரியாவில் 70எஸ், நம் சைட்டோபிளாசத்தில் 80எஸ். அந்த 70எஸ்ஸின் இரண்டு துண்டுகளான 50எஸ்-ம் 30எஸ்-ம் சேர்ந்து எப்படி 70 என்று பலர் குழம்புவார்கள். எஸ் என்பது எடை அல்ல, மையவிலக்கியில் படியும் வேகம்; கூட்டினால் சரிவராது. குளோரோபிளாஸ்ட்டுக்குள் இருப்பதும் 70எஸ்தான், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். நம் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் உட்கரு இல்லையே என்று புரோகேரியாட் பக்கம் தள்ளிவிடக் கூடாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது இருந்த உட்கருவை அது பிறகு இழந்தது.

கல்லூரி லேபில் வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு 100 மடங்கில் பார்க்கச் சொல்லுங்கள். உட்கரு பளிச்சென்று தெரியும். நீர்த்த தயிர்ச் சொட்டில் உள்ள பாக்டீரியா 400 மடங்கிலும் வெறும் புள்ளிதான். அளவு வித்தியாசம் பிறகு மறக்காது.

பெங்களூரு பயோடெக் வேலைக்கும் இதுதான் அடித்தளம். இன்சுலினில் சர்க்கரைச் சங்கிலி இல்லை, பாக்டீரியாவே செய்துவிடும். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலின் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் விளைந்தது. ஆன்டிபாடி மருந்துக்கோ யூகேரியாட்டில் மட்டும் உள்ள எண்டோபிளாச வலையும் கோல்கியும் சர்க்கரை ஒட்டித் தர வேண்டும், ஆகவே பெரும்பாலும் வெள்ளெலிச் சினைப்பைச் செல்களில் வளர்க்கிறார்கள். அவை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள், ஈ.கோலைக்கு நல்ல ஊடகத்தில் 20 நிமிடம். வெள்ளெலிச் செல்கள் வளரும் தொட்டிக்குள் பாக்டீரியா நுழைந்தால் சீக்கிரமே அதுதான் நிறைந்திருக்கும், மொத்த பேட்சும் வீண். 'இந்தப் புரதத்துக்கு ஏன் இந்தச் செல்?' என்று நேர்காணலில் கேட்டால், பதில் இந்தப் பாடத்திலேயே இருக்கிறது.

மருத்துவப் படிப்புக்கான நீட்டில் 180 கேள்வியில் 90 பயாலஜி. சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. பயாலஜியை விட்டால் அந்த வழி கடினமாகும், கணிதத்தை விட்டால் சி.இ.டி (கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு) மூலம் பி.இ. பயோடெக்னாலஜி சேரும் வாய்ப்பு போகும். பி.சி.எம்.பி இரண்டையும் காக்கிறது. இந்த வாரம் புத்தகத்தை மூடிவைத்து இரண்டு செல்லையும் வரையச் சொல்லுங்கள். வரைந்த ஒவ்வொரு உறுப்புக்கும் 'இதற்குச் சவ்வு உண்டா?' என்று மட்டும் கேளுங்கள்.