டேங் மீன் ஐந்தாம் நாளே செத்தது: அடுத்த மீன் எப்போது விடலாம்?

பவுடர் ப்ளூ டேங் என்ற கடல்மீனை நேராக மெயின் தொட்டியில் விட்டு, உடம்பெல்லாம் ரவை ஒட்டியது போல வெள்ளைப் புள்ளி வந்து ஐந்தே நாளில் போய்விட்டது என்கிறீர்கள். இப்போதைக்குப் புது மீன் எதுவும் வேண்டாம். ரவை அளவு புள்ளி என்றால் பெரும்பாலும் மெரைன் இக் என்ற ஒட்டுண்ணி நோய். மாவு தூவியது போல இருந்திருந்தால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய், அது இன்னும் வேகமாகக் கொல்லும்.

மிச்சமிருக்கும் இரண்டு க்ளவுன் மீன்களும் நன்றாகத்தான் தின்கின்றன, சரி. ஆனாலும் ஒட்டுண்ணி அவற்றிடமும் இருக்கும். அவற்றைத் தனித்தொட்டிக்கு மாற்றி, மெயின் தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் விடுங்கள்; மீன் இல்லாவிட்டால் ஒட்டுண்ணி செத்துவிடும், புது மீன் அதற்குப் பிறகுதான். பவளமும் நத்தையும் அங்கேயே இருக்கட்டும், தனித்தொட்டியில் போடும் செம்பு மருந்து பட்டால் அவை செத்துவிடும்.

தனித்தொட்டிக்கு வெறும் கண்ணாடி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ போதும். மணல், பாறை போட்டால் மருந்தை உறிஞ்சிவிடும். காப்பர் பவர் என்ற செம்பு மருந்து என்றால் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு), 30 நாள். இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த அளவுக்கு ஏற்றுங்கள். செம்பை அளக்க, நிறம் பார்க்கும் கிட்டில் என் கண்ணுக்கு எல்லாமே ஒரே நீலம், டிஜிட்டல் மீட்டர் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அமோனியா, மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சு. மருந்தெல்லாம் சரியாகப் போட்டும் என் முதல் இரண்டு மீன்களை அதில்தான் இழந்தேன். தினமும் அளந்து பார்த்துத் தண்ணீர் மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு செம்பு கலந்து.