தனியே விட்டால் பதறும் நாய்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

கேள்வி: நானும் என் கணவரும் ஓசூர் சிப்காட்டில் வெவ்வேறு ஷிப்டுகளில் வேலை செய்கிறோம். இருவருமே வீட்டில் இல்லாத மூன்று மணி நேரத்தில், எங்கள் இரண்டு வயது லாப்ரடார் வாசற்கதவின் நிலையைக் கடித்துக் குதறி, கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. நாங்கள் திரும்பியதும் தலையைத் தாழ்த்திக்கொண்டு மூலையில் ஒண்டுகிறது. தவறு என்று தெரிந்தேதான் செய்கிறதா?

பதில்: இல்லை. அது பயத்தில் செய்வது. தலையைத் தாழ்த்துவதைக் குற்ற உணர்வு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நாய்களின் நடத்தையை ஆராயும் அறிவியலாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தவறே செய்யாத நாய்களும் உரிமையாளர் கடிந்துகொண்டபோது அதே முகத்தைத்தான் காட்டின. நீங்கள் அடித்தாலோ அதட்டினாலோ, தனிமையைப் பற்றிய பயத்தோடு உங்கள் வருகையைப் பற்றிய பயமும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் ஒரு பழைய செல்போனைக் கூடத்தில் வைத்து வீடியோ எடுங்கள். பொழுது போகாத நாய் சற்று நேரம் படுத்துக் கிடந்துவிட்டுப் பிறகு செருப்பையோ தலையணையையோ தேடிப் போகும். பதறும் நாய், பெரும்பாலும் நீங்கள் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள்ளேயே மூச்சிரைத்து, எச்சில் ஒழுக்கி, நீங்கள் போன வழியையே பிறாண்டத் தொடங்கும். என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு நாயின் முன்னங்காலில் இரண்டு நகங்கள் அடியோடு பெயர்ந்திருந்தன. கதவின் தாழ்ப்பாளுக்குக் கீழே மரம் வெளுக்கும் அளவுக்கு அது பிறாண்டியிருந்தது.

பயிற்சியின் அடிப்படை, பயம் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுவதுதான். சாவிக்கொத்தை எடுப்பதும் ஐடி கார்டை மாட்டுவதும் உங்கள் நாய்க்குப் பிரிவின் அறிகுறிகளாகிவிட்டிருக்கும். ஆகவே சாவியை எடுத்துக்கொண்டு எங்கும் போகாமல் உட்கார்ந்து காய் நறுக்குங்கள், ஷூ போட்டுக்கொண்டு டிவி பாருங்கள், அந்த ஓசைகள் நாயின் காதில் அர்த்தம் இழக்கும்வரை இதைச் செய்யுங்கள். அதன்பின் கதவுக்கு வெளியே ஐந்து விநாடி நின்று திரும்புங்கள். பிறகு பத்து விநாடி, மறுபடி ஐந்து, பிறகு அரை நிமிடம் என்று ஏற்றியும் இறக்கியும் நேரத்தை நீட்டுங்கள். நாய் முனகினால் நேரம் கூடிவிட்டது என்று பொருள்; அடுத்த முறை குறையுங்கள். முதல் அரை மணி நேரத்தை எட்டுவதற்கே பல வாரங்கள் ஆகலாம். முக்கால் மணி நேரத்தைத் தாண்டிய பிறகு பெரும்பாலான நாய்கள் விரைவாகவே தேறிவிடுகின்றன.

இந்த வாரங்களில் அந்த மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டிலோ உறவினரிடமோ நாயை விட்டுவிட்டுப் போவதற்கு வழி தேடுங்கள். ஒரே ஒரு நாள் முழுப் பதற்றத்தில் தவித்தாலும் பல நாள் பயிற்சி பின்னுக்குப் போய்விடும். வாசகர்கள் பெரும்பாலும் கைவிடுவது இந்த ஒன்றைத்தான். எனவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கிளம்பும்போது தின்பதற்கு ஏதாவது வைத்தால் போதாதா? கூண்டில் அடைத்துவிட்டுப் போகலாமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: லேசான பதற்றத்துக்குத் தீனி உதவும். உப்பில்லாத கேழ்வரகுக் களியில் சிறிது தயிர் கலந்து, உள்ளீடற்ற ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறைய வைத்துக் கொடுத்தால் நாய் நெடுநேரம் நக்கிக்கொண்டிருக்கும். ஆனால் நீங்கள் போனதும் அதைத் தொடாமல் இருந்து, நீங்கள் திரும்பிய மறுநிமிடமே விழுங்கினால், பயம் பசியை மீறிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட நாயைக் கூண்டில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். சங்கிலியும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் நாய் பகலில் ஊளையிடுவதை அபசகுனம் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. துணைக்கு இன்னொரு நாய் வாங்கினால் நிறுத்திவிடுமா? (பாலக்கோடு)

பதில்: ஊளை என்பது பிரிந்த கூட்டத்தைத் தேடி அழைக்கும் குரல், அந்த அம்மாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், பயிற்சி நடப்பதையும் தெரிவியுங்கள். நாய் தேடுவது உங்களைத்தான் என்பதால், இன்னொரு நாய் வருவதால் பெரும்பாலும் பலன் இருக்காது.

கேள்வி: பதினொரு ஆண்டுகளாக ஒழுங்காக இருந்த எங்கள் நாட்டு நாய் இப்போதுதான் தனியே இருக்கப் பயப்படுகிறது. (பென்னாகரம்)

பதில்: பயிற்சிக்கு முன் பரிசோதனை தேவை. மூட்டு வலி, பார்வையோ செவியோ மங்குதல், சிறுநீர்த் தொற்று, முதுமையில் வரும் மூளைத் தளர்ச்சி ஆகிய எதுவும் இப்படித் தொடங்கலாம். இரவில் உறங்காமல் சுற்றி வருகிறதா, பழகிய வீட்டிலேயே வழி தவறி மூலையில் நிற்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? (தர்மபுரி)

பதில்: கூடாது. பயம் அப்படியே இருக்க உடல் மட்டும் சோர்ந்துபோவது நாய்க்குப் பெரிய துன்பம். மனிதருக்கான அளவு உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். கடுமையான பதற்றத்துக்கு ஃப்ளூவாக்ஸெடின், குளோமிபிரமின் போன்ற மருந்துகள் உள்ளன. அவற்றின் முழுப் பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும், அதுவரையிலும் அதற்குப் பிறகும் பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். நாயின் எடையையும், வலிப்பு வந்ததுண்டா என்பதையும் கேட்டறிந்து கால்நடை மருத்துவர்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். அவரைப் பார்க்கச் செல்லும்போது நீங்கள் எடுத்த வீடியோவையும் கொண்டு போங்கள்.