ஊறுகாய்ப்புல் ஏன் கெடுகிறது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஊறுகாய்ப்புல் (சைலேஜ், அதாவது காற்றுப்புகாமல் மூடி நொதிக்கவைத்த பசுந்தீவனம்) செய்ய, கோ-5 கம்பு நேப்பியர் புல்லைக் குழியில் நிரப்பி 40 நாள் கழித்துத் திறந்தேன். புல் கொழகொழவென்று இருந்ததுடன் துர்நாற்றமும் வீசியது. மாடுகள் முகர்ந்துவிட்டு விலகிவிட்டன. எங்கே பிழை நேர்ந்தது?

பதில்: ஈரத்தில்தான். வெட்டிய உடனே அந்தப் புல்லில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர் இருக்கும். நொதிப்புக்கு வேண்டிய சர்க்கரையோ குறைவு. லாக்டிக் அமிலம் போதுமான அளவு சேர்ந்து கார அமில நிலை (pH) 4.2-ஐ ஒட்டி இறங்குவதற்கு முன்பே கிளாஸ்ட்ரிடியம் வகை நுண்ணுயிரிகள் பெருகி, இருக்கிற லாக்டிக் அமிலத்தையும் பியூட்ரிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. நீங்கள் முகர்ந்தது அதைத்தான்.

அடுத்த முறை, அறுத்த புல்லை வயலிலேயே பரப்பி வாடவிடுங்கள். பிறகு நறுக்கிய புல்லில் ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுகப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். விரலிடுக்கில் நீர் வடிந்தால் இன்னும் வாட வேண்டும். பிடி சட்டென்று உதிர்ந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. நீர் வடியாமல், உருண்டை மெல்லப் பிரிந்து, உள்ளங்கையில் ஈரப்பசை மட்டும் ஒட்டியிருந்தால் குழிக்கு அனுப்பலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் புல்லை வாடவிட வழியில்லையே?

பதில்: நறுக்கிய காய்ந்த சோளத்தட்டையை அடுக்குக்கு அடுக்கு கலந்து ஈரத்தை இழுக்கச் செய்யலாம். டன்னுக்கு 20 கிலோ வெல்லத்தைக் கூடிய மட்டும் குறைந்த நீரில் கரைத்துத் தெளிப்பதும் உதவும். மக்காச்சோளத்துக்கு வெல்லம் தேவையில்லை.

கேள்வி: மக்காச்சோளத்தை எந்தப் பருவத்தில் அறுக்க வேண்டும்?

பதில்: நாள் கணக்கை நம்பாமல் கதிரைப் பாருங்கள். கதிரை நடுவில் ஒடித்து, நுனிப்பக்கத் துண்டின் மணிகளை நோக்கினால், வெளிப்புறம் கெட்டியாகவும் உட்புறம் பாலாகவும் இருக்கும் எல்லைக்கோடு தெரியும். அந்தக் கோடு மணியின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை உள்நோக்கி நகர்ந்திருந்தால் அறுவடை செய்யலாம். அப்போது உலர்பொருள் (நீர் நீங்கலாக எஞ்சும் பங்கு) பெரும்பாலும் 30 முதல் 35 விழுக்காடு இருக்கும்.

கேள்வி: கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கலவை அவசியமா?

பதில்: அதிலுள்ள லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்னும் பாக்டீரியா நொதிப்பை விரைவுபடுத்தும், புக்னெரி வகை அசிட்டிக் அமிலத்தை உண்டாக்கி, குழியைத் திறந்த பின் ஈஸ்ட் பெருகாமல் தடுக்கும். ஆனால் புல்லைச் சரியாக மிதித்து இறுக்காதவருக்கு அது வீண்செலவு என்பதே என் கருத்து. வாங்கினால், குளோரின் கலந்த குழாய்நீரில் கரைக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் ஐந்து கறவை மாடுகள் உள்ளன. குழியைத் திறந்த நான்காம் நாளே புல் சூடேறிவிடுகிறது.

பதில்: உங்கள் குழி மாடுகளின் எண்ணிக்கைக்குப் பெரியது. மாட்டுக்கு 15 கிலோ வீதம் நாளொன்றுக்கு 75 கிலோ எடுப்பீர்கள். நன்கு இறுக்கிய புல் கனமீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ என்று கொண்டால், அது எட்டில் ஒரு கனமீட்டர்தான். வெயில் நாட்டில் வெட்டுமுகத்தை (புல்லை வெட்டியெடுக்கும் திறந்த பக்கத்தை) நாள்தோறும் 20 செ.மீ. ஆழமாவது எடுத்தால்தான், காற்று உள்ளே புகுந்து புல்லைச் சூடேற்றுவதை முந்தலாம். அதற்கு வெட்டுமுகம் ஏறத்தாழ 0.6 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். அவ்வளவு சிறிய குழியை யாரும் வெட்டுவதில்லை. ஆகவே காற்றுப்புகாத 50 கிலோ பைகளே உங்களுக்கு ஏற்றவை. எலி ஓட்டை போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலே பூஞ்சை பிடித்த அடுக்கை ஆடுகளுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. கெட்ட ஊறுகாய்ப்புல்லில் வளரும் லிஸ்டீரியா கிருமி ஆடுகளின் மூளையைத் தாக்கக்கூடும். எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.