வாகன வினா – விடை: அதிரும் பிரேக்கும் அஞ்சும் காலும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து பிரேக் தொடர்பான கேள்விகளே அதிகம் வந்திருக்கின்றன. அவற்றில், பலமாகப் பிரேக் போடும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். (ஆன்டி-லாக் பிரேக்கிங் சிஸ்டம்) அமைப்பைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மேலூர் வாசகர்: முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்பாசிடரும் ஜீப்பும் ஓட்டியவன் நான். ஈரச் சாலையில் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கக் கூடாது, விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது மகன் வாங்கியிருக்கும் புதுக் காரில் ஏ.பி.எஸ். இருக்கிறது. ஒத்தக்கடை அருகே தூறலில் ஒரு மாடு குறுக்கே வரவும் பலமாக மிதித்தேன். பெடல் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். நல்ல வேளையாக மாடு விலகிவிட்டது. எங்கள் காலத்துப் பிரேக் மேலா, இது மேலா?

பதில்: ஐயா, எதுவும் உடையவில்லை. அந்த அதிர்வுதான் ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததற்கு அடையாளம். அந்த நேரத்தில் காலை எடுத்ததுதான் ஆபத்து.

உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் தவறாகச் சொல்லவில்லை. வீட்டில் கனமான பீரோவை நகர்த்தும்போது, அசையாமல் நிற்கும் வரை அது தரையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிப்பதையும், ஒருமுறை வழுக்கத் தொடங்கிவிட்டால் எளிதாக ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். டயரும் அப்படித்தான். உருண்டுகொண்டிருக்கும் வரை அதற்குச் சாலையில் பிடி உண்டு. பிரேக் இறுகிச் சுழற்சி நின்றுபோனால் அது வெறுமனே வழுக்கும். அதைவிட முக்கியமாக, உருளாத முன்சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகும். பின்சக்கரங்கள் முதலில் இறுகினாலோ வண்டியின் பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். இதைத் தவிர்க்கத்தான் பழைய ஓட்டுநர்கள் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தார்கள். ஆனால் எவ்வளவு தேர்ந்த காலாக இருந்தாலும் அது நான்கு சக்கரங்களையும் சேர்த்துத்தான் மிதிக்கும், சேர்த்துத்தான் விடும். ஒரு பக்கச் சக்கரங்கள் தாரிலும் மறுபக்கச் சக்கரங்கள் ஓரத்துச் சேற்றிலும் இருந்தால் காலால் என்ன செய்ய முடியும்?

ஏ.பி.எஸ். அந்த இடத்தில்தான் காலை மிஞ்சுகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சி வேகத்தையும் ஒரு சென்சார் ஓயாமல் கவனிக்கிறது. ஏதாவது ஒரு சக்கரம் இறுகப் போகிறது என்று தெரிந்தவுடன் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை மட்டும் வால்வு குறைத்து, சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி கூட்டுகிறது. இது வினாடிக்குப் பல முறை நடக்கிறது. அப்போது ஆயில் திரும்பித் தள்ளப்படுவதைத்தான் உங்கள் கால் அதிர்வாக உணர்ந்தது. கடகடவென்ற சத்தம் அதன் பம்பிலிருந்தும் வால்வுகளிலிருந்தும் வருவது.

ஆகவே ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு முறை காலைத் தளர்த்தும்போதும் பிரேக்கை நீங்களே நிறுத்திவைக்கிறீர்கள். ஆபத்து என்று வந்தால் பலமாக மிதித்து, வண்டி நிற்கும் வரை அழுத்திப் பிடித்து, எதிரில் இருப்பதை விட்டு விலக ஸ்டீயரிங்கை அளவாகத் திருப்புங்கள். அளவாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சக்கரத்தில் பிடி இருப்பதால் பதற்றத்தில் முழுக்க ஒடித்தால் வண்டி சட்டென்று எதிர்த்தடத்துக்கோ சாலையோரப் பள்ளத்துக்கோ பாய்ந்துவிடும். ஆளில்லாத, அகலமான ஒரு திடலில் மழை ஓய்ந்த பிறகு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓரிரு முறை மிதித்துப் பாருங்கள். அந்த அதிர்வு பழகிவிட்டால் கால் பயந்து விலகாது. புதுக் கார் தரும்போது விற்பனை நிலையங்களே இதைச் செய்து காட்டலாம். பூமாலை போட்டுப் படம் எடுப்பதற்கு இருக்கும் நேரம் இதற்கு இருப்பதில்லை.

எது மேல் என்று கேட்டீர்கள். கோரிப்பாளையம் சிக்னலில் நிதானமாக நிறுத்தும்போது இரண்டுக்கும் வேறுபாடே இல்லை, ஏனென்றால் அப்போது ஏ.பி.எஸ். தலையிடுவதே இல்லை. அவசரத்தில், அதுவும் ஈரத்தில், ஏ.பி.எஸ்.தான் மேல். பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டே வண்டியைத் திருப்பும் வசதியைப் பழைய பிரேக் தராது.

திருமங்கலம் வாசகர்: ஏ.பி.எஸ். கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்கிறேன் நான். இல்லை என்கிறார் என் மைத்துனர். பந்தயத்தில் யாருக்கு வெற்றி?

பதில்: இருவருக்கும் பாதி. உலர்ந்த தார்ச் சாலையில் நல்ல ஓட்டுநர் பழைய பிரேக்கிலும் ஏறக்குறைய அதே தூரத்தில் நிறுத்திவிடுவார். ஈரச் சாலையில் சக்கரம் இறுகி வழுக்கும் வண்டியைவிட ஏ.பி.எஸ். வண்டி பொதுவாக முன்னதாக நிற்கும். ஆனால் சரளையிலும் மணலிலும் நிலைமை மாறுகிறது. அங்கே இறுகிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணை மேடாகக் குவித்து அதில் முட்டி நிற்கும், ஏ.பி.எஸ். சக்கரத்தை உருளவிடுவதால் அந்த மேடு குவியாமல் தூரம் கூடிவிடுகிறது. அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்ச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் காயப் போட்டிருக்கும்போது எந்தப் பிரேக்கையும் நம்பாமல் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

பந்தயத்துக்கு அப்பால் ஒரு கணக்கையும் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆனால் அந்த 22 மீட்டர் போய்விட்டது. அதன் பிறகு உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 36 மீட்டரும், நனைந்து பிடி குறைந்த சாலையில் 60 மீட்டருக்கு மேலும் ஆகலாம். ஏ.பி.எஸ். இந்தக் கணக்கை அழித்துவிடாது. டயருக்கும் சாலைக்கும் இடையில் எவ்வளவு பிடி இருக்கிறதோ அதை வீணாக்காமல் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். தேய்ந்து வழவழத்த டயரை வைத்துக்கொண்டு ஏ.பி.எஸ். இருக்கிறது என்று நான்கு வழிச்சாலையில் முன் வண்டியை ஒட்டிப் போகிறவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகர டாக்ஸிகளில் நடந்த ஆய்வில், ஏ.பி.எஸ். பொருத்திய வண்டிகளுக்கு விபத்து குறையவில்லை என்றும், அவற்றின் ஓட்டுநர்கள் துணிந்து ஓட்டத் தொடங்கியிருந்தார்கள் என்றும் தெரியவந்தது. உங்கள் மைத்துனரிடம் இதையும் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: என்னுடைய பழைய காரில் ஏ.பி.எஸ். பொருத்த முடியுமா?

பதில்: பணத்துக்கும் உழைப்புக்கும் ஏற்ற வேலை அல்ல. சென்சார், அது வேகத்தை அளக்கச் சக்கரத்தோடு சுழலும் பல் வளையம், வால்வுத் தொகுதி, கணினி ஆகிய எல்லாம் அந்த வண்டிக்கென்றே அளந்து அமைக்கப்பட்டவை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால், வண்டியை மாற்றும்போது தானாகவே கிடைத்துவிடும். அதுவரை நல்ல டயர், சரியான காற்று, தேயாத லைனிங் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஈரத்தில் சக்கரம் வழுக்குவது தெரிந்தால் காலைச் சற்றே தளர்த்தி மறுபடி அழுத்தும் பழைய முறையைக் கைவிடாதீர்கள்.

வத்தலக்குண்டு வாசகர்: கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பிரேக்கில் தீய்ந்த வாடை வந்து, பெடல் மெத்தென்று ஆகிவிட்டது. ஏ.பி.எஸ். இருந்தும் ஏன் இப்படி?

பதில்: ஏ.பி.எஸ். சக்கரம் இறுகுவதைத் தடுக்கும். பிரேக் சூடாவதைத் தடுக்காது. இறக்கம் முழுவதும் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் பேடும் டிஸ்கும் கொதித்துப் பிடியை இழக்கின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாள்பட்ட ஆயில் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆவி அழுத்தத்துக்குச் சுருங்கிக் கொடுப்பதால்தான் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தமாகப் போட்டு, பிறகு முழுக்க விட்டு ஆறவிடுங்கள். வண்டியை நியூட்ரலில் உருட்டுவது பெட்ரோல் மிச்சம் அல்ல, உயிரோடு விளையாட்டு. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். அளவு குறையவில்லை என்பதற்காக அது நல்ல நிலையில் இருப்பதாக ஆகாது.

மதுரை அண்ணா நகர் வாசகர்: மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிகிறது. வண்டியை ஓட்டலாமா?

பதில்: சாவியைத் திருப்பியதும் எரிந்து சில வினாடிகளில் அணைவது இயல்பு. அணையாவிட்டால் ஏ.பி.எஸ். தன்னை நிறுத்திக்கொண்டது என்று பொருள். சாதாரணப் பிரேக் வழக்கம்போல் வேலை செய்யும் என்பதால் நிதானமாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். சேறு படிந்த சென்சார், எலி கடித்த வயர், பழுதான ஃபியூஸ் என்று காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். கருவியை மாட்டிப் பிழைக் குறியைப் படிக்காமலே முழுத் தொகுதியையும் மாற்றச் சொன்னால் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆனால் அதனுடன் சிவப்பு நிறப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை அங்கேயே ஓரம் கட்டி, கட்டி இழுக்கும் வண்டியை வரவழையுங்கள்.