கார்த்திகை வரை காத்திருக்கலாமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு வயது 36. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது. அம்மா எங்கோ வாங்கிய பொடியை அவனுக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கிறார். கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரேயடியாக விட்டுவிடுவதாக அவன் சத்தியம் செய்திருக்கிறான். ராகு தசை நடப்பதாகவும் சொல்கிறார்கள். அதுவரை பொறுத்திருக்கலாமா? எந்த மையம் நல்லது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ராகு தசை 18 ஆண்டுகள் நடக்கும். கல்லீரல் அவ்வளவு காலம் பொறுக்காது. அந்தப் பொடியை இன்றே கொட்டச் சொல்லுங்கள். அதில் என்ன இருக்கிறதென்று விற்றவர் சொல்லப் போவதில்லை. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து கலந்திருந்தால், அதை அறியாமல் குடிப்பவனுக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மருத்துவர்கள் அந்த மருந்தை நோயாளியின் சம்மதத்தோடு மட்டுமே கொடுப்பதற்குக் காரணம் அதுதான்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது மாலை விஷயம். 'ரோஷம் இருந்தால் இன்றோடு விட்டுவிடு' என்பதுதான் குடிகாரனிடம் நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரே வைத்தியம். நரம்புகளுக்கு ரோஷம் தெரியாது. ஆண்டுக்கணக்கில் தினமும் உள்ளே போகும் சாராயம் மூளையை மந்தப்படுத்திக்கொண்டே இருப்பதால், அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. சாராயம் திடீரென்று நின்றால் அந்த வேகத்தைத் தடுக்க எதுவும் இல்லை. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாதவை கண்ணில் தெரிவதும் இதனால்தான்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பெரியப்பா ஒருவர் இப்படித்தான் மாலை போட்டார். மூன்றாம் நாள் இரவு சுவரில் ஊரும் எறும்புகளைப் பொறுக்கத் தொடங்கினார். அங்கே எறும்பே இல்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் சாமி இறங்கிவிட்டது என்று சரணம் விளித்தார்கள், மீதிப் பேர் பூசாரியைத் தேடி ஓடினார்கள். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த பக்கத்து வீட்டு அக்காதான், 'இது சாமியும் இல்லை, பேயும் இல்லை' என்று அதட்டி அவரை வண்டியில் ஏற்றினார். அவர் பிழைத்தார். அந்த அக்கா இரவுப் பணிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு தெருவில் ஒருவரும் பேசியதாக நினைவில்லை. ஐயப்பன் காப்பாற்றினார் என்றுதான் பேசினார்கள்.

ஆகவே கார்த்திகை வரை காத்திருக்க வேண்டாம், இன்றிரவே நிறுத்து என்று அவனை மிரட்டவும் வேண்டாம். காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும். உடம்பு தெளிந்த பிறகு அவன் தாராளமாக மாலை போடட்டும். விரதத்தின் ஒழுங்கு அப்போது அவனுக்குத் துணையாக இருக்கும்.

மையங்களைத் தரவரிசைப்படுத்துவது என் வேலையல்ல. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையைப் போல, குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசும் இடமா என்று பாருங்கள். அடித்துத் திருத்துவோம் என்பவர்களின் வாசலையே மிதிக்காதீர்கள். 14446 என்ற இலவச எண்ணில் உங்கள் பகுதியில் உள்ள இடங்களைக் கேட்கலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. உங்கள் ஊரில் கூட்டம் நடந்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள்.

ஒரு கோபம் மிச்சமிருக்கிறது. ஜோசியரிடம் பேசியிருக்கிறீர்கள், பொடி விற்றவரிடம் பேசியிருக்கிறீர்கள், என்னிடமும் பேசுகிறீர்கள். தம்பியிடம் உட்கார்ந்து பேசியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே அம்மா! விட்டுவிடுகிறேன் என்று அவனாகவே சொல்லியிருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். அவன் நிதானமாக இருக்கும் வேளையில், எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதைச் சொல்லியே அழைத்துப் போங்கள். வயிற்றுவலிக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்று பொய் சொல்லி ஏற்றிச் செல்ல வேண்டாம்.