நிறம் விலகியிருப்பது போலிக்குச் சான்றாகாது

வணக்கம். தாங்கள் வாங்கிய பிரெஞ்சு சுவரொட்டி ஓவியர் ஜூல் ஷெரேயின் சுவரொட்டியில் சிவப்பு நிறம் மஞ்சளை விட்டுச் சற்று விலகியிருப்பதால் அது போலியோ என்று கேட்டிருந்தீர்கள். அந்த விலகல் ஒன்றே சான்றாகாது. 1866-இல் பாரிஸில் அச்சகம் நிறுவிய ஷெரே, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, ஈரப்படுத்திய கல்லில் அச்சுமை அவ்வரைவில் மட்டும் ஒட்டும்படி செய்து, ஒரே தாளைப் பலமுறை அச்சேற்றினார். தாள் ஈரத்தால் மயிரிழை நீண்டாலே நிறம் இடம் மாறிவிடும்.

பூதக்கண்ணாடியால் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் தெரிந்தால் அது பெரும்பாலும் பிற்கால ஆஃப்செட் (கல்லுக்குப் பதில் உலோகத் தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாக அச்சிடும் முறை) மறுபதிப்பு. தூரிகையைத் தட்டித் தெளித்தாற்போல ஒழுங்கற்ற துளிகளும், மஞ்சள்மேல் நீலம் படிந்து பச்சையான இடங்களும் தெரிந்தால் கல்லச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தத் தெளிப்பில்தான் ஷெரேயின் கைத்திறமே இருக்கிறது என்பேன். சட்டமிடுவதற்காக விளிம்பை வெட்டிவிட வேண்டாம். நிறங்களைப் பொருத்த இட்ட குறிகள் அங்கே எஞ்சியிருக்கலாம்.