நாமினி போட்டாச்சே, உயில் வேற எழுதணுமா?

கேள்வி: வயசு 58 சார். திருச்சில என் சம்பாத்தியத்துல மனை வாங்கி வீடு கட்டியிருக்கேன். பேங்க் டெபாசிட், எல்ஐசி எல்லாத்துலயும் மனைவிதான் நாமினி. ஊர்ல ரெண்டு ஏக்கர் பூர்வீக நிலம், அப்பா இறந்தப்புறம் பட்டா என் பேருக்கு மாறிடுச்சு. ஒரு பையன், ரெண்டு பொண்ணு. அம்மா என்கூடதான் இருக்காங்க, தம்பி தங்கச்சி தனியா இருக்காங்க. உயில் எழுதணுமா, இல்ல இப்பவே பையன் பேருக்கு செட்டில்மென்ட் பண்ணிடவா?

பதில்: நீங்க இந்துன்னு வச்சுக்கிட்டு சொல்றேன், மத்தவங்களுக்கு கணக்கு வேற.

நாமினி போட்டா சொத்து அவங்களுதுன்னு நினைக்காதவங்களே இல்ல. பேங்க்ல நாமினின்னா பணத்தை வாங்கிக்கிற ஆள், அவ்ளோதான், வாரிசுங்க கேட்டா பங்கு குடுத்தாகணும். இன்சூரன்ஸ்ல மட்டும் 2015 திருத்தத்துக்கு அப்புறம் மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே. உங்க தனி வீட்டுக்கு நாமினியே கிடையாது.

நீங்க கவனிக்காம விட்டது உங்க அம்மாவை. உயில் இல்லாம நீங்க போயிட்டா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, அம்மா, மூணு பிள்ளைங்க, ஆளுக்கு அஞ்சுல ஒண்ணு. அப்புறம் அம்மாவும் காலமாயிட்டா அவங்க பங்கு மூணா பிரிஞ்சு தம்பிக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, உங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னு போகும். அதாவது நீங்க கட்டின வீட்டை உங்க மனைவி விக்கணும்னா கொழுந்தன், நாத்தனார் கையெழுத்து வேணும். இது நல்லா ஒத்துமையா இருந்த குடும்பத்துல கூட கோர்ட் வரைக்கும் வந்து நான் பாத்திருக்கேன்.

அம்மாவை ஒதுக்குங்கன்னு சொல்லலை. கடைசி வரைக்கும் அந்த வீட்லயே இருக்கலாம், பராமரிப்பு இன்னார் பொறுப்புன்னு உயில்லயே எழுதலாம். ஆனா அந்த வரியை மட்டும் நீங்களா எழுதாதீங்க, ஜீவனாம்சத்துக்குப் பதிலா குடுத்த மாதிரி இருந்தா அதே 1956 சட்டத்தோட 14வது பிரிவுல அது அம்மாவோட முழு உரிமையாவே மாறிடலாம், வக்கீல்கிட்ட குடுத்து எழுதுங்க.

ஊர் நிலத்துக்கு பட்டா உங்க பேர்ல இருக்குங்கறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, பட்டா உரிமைப் பத்திரம் இல்ல. மூலப் பத்திரத்தைத் தேடி எடுங்க. அப்பா சொந்தமா வாங்கி உயில் எழுதாம போயிருந்தா அதுல அம்மா, தம்பி, தங்கச்சிக்கும் சம பங்கு, உங்க பங்கு கால்வாசிதான், அந்தக் கால்வாசியைத்தான் நீங்க உயில்ல எழுத முடியும். அப்பாவுக்கே அது தாத்தா வழியா வந்ததுன்னா கணக்கு மாறும். முடிஞ்சா உயிலுக்கு முன்னாடி, நீங்க எல்லாரும் நல்லா இருக்கும்போதே, பாகப் பிரிவினை பண்ணி ரிஜிஸ்தர் பண்ணிடுங்க.

செட்டில்மென்ட் இப்போ வேணாம், என் அபிப்பிராயம். எழுதின நிமிஷமே வீடு பையனோடது, மனசு மாறினா நீங்களா ரத்து பண்ண முடியாது. பாத்துக்காத பிள்ளைகிட்டருந்து சொத்தைத் திரும்ப வாங்க 2007 முதியோர் சட்டம் 23வது பிரிவு இருக்கேன்னு சொல்வாங்க, ஆனா என்னைப் பாத்துக்கணும்ங்கற நிபந்தனையில குடுத்தேன்னு காட்டணும், அதுக்கு வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆபீஸ் படி ஏறணும், எழுபது வயசுல இது தேவையா. உயில்னா எத்தனை தடவை வேணா மாத்தலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும்.

உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேணாம், வெள்ளைத்தாள் போதும். நீங்க போடற கையெழுத்தைப் பாத்து ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும். சாட்சி உங்களைவிட சின்ன வயசா, சொத்துல பங்கு இல்லாதவங்களா இருக்கட்டும், ஏன்னா பிரச்சனைன்னு வந்தா கோர்ட்ல அவங்கள்ல ஒருத்தராவது வந்து சொல்லணும். ரிஜிஸ்தர் கட்டாயமில்ல, ஆனாலும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் போய் பண்ணிடுங்க, பின்னாடி யாரும் போலின்னு சுலபமா சொல்லிட முடியாது. சொல்லாம விட்ட சொத்து, இனிமே வாங்கற சொத்து யாருக்குன்னு ஒரு வரி கண்டிப்பா சேருங்க.

எங்க வச்சிருக்கீங்கன்னு மனைவிக்குத் தெரியணும். அப்புறம் ஒரிஜினலை லேமினேட் பண்ணி வச்சிடாதீங்க சார், போன மாசம்கூட ஒருத்தர் பண்ணிட்டு வந்து நிக்கிறாரு.